பெரிய பை யாருக்கு

டெரக் கப்பலிலிருந்து இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் படாத பாடு படப்போகிறேன் என்று. மெல்போர்னிலிருந்து வருகிறவன். பிளாஸ்டிக் பை செய்யும் கம்பெனியின் விற்பனைக்காரன். எங்கள் சவாயித் தீவின் துறையில் மண்டை பிளக்கிற வெயிலில் கணுக்கால் வரை பூட்சு, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை. தோளில் தொங்கிய சின்னப் பைக்குள் அவனுடைய துணிமணி. பின்னால் உருட்டிக்கொண்டு வந்த இரண்டு பெரிய பெட்டிகளில் பை ஒட்டிக் காட்ட ஒரு குட்டி யந்திரம், மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டிக் பைகள். மாற்றுச் சட்டை ஒன்றே ஒன்றுதான். பை மட்டும் ஒரு தீவுக்குப் போதுமான அளவு.

வரச்சொன்னது நான்தான். என் பெயர் லோசா. சாலெதோகா ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. நாங்கள் வாழைக்காய் வறுவல் போட்டு ஆக்லாந்துக்கு அனுப்புகிறோம். வறுவலைக் குறை சொல்ல முடியாது. பைதான் எங்களைப் பிடித்த சனியன். கிடைத்த பையில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டி அனுப்பினால், போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். இரண்டு முறை சரக்கு திரும்பி வந்தது. பன்றிக்குப் போட்டோம்; பன்றியே யோசித்துத்தான் தின்றது. அடுத்ததும் இப்படியென்றால் இனிமேல் அனுப்பவே வேண்டாம் என்று ஆக்லாந்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

நல்ல பை வேண்டும், வாயை ஒட்ட யந்திரம் வேண்டும். யந்திரத்துக்குக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்கு நிலம் வேண்டும். நிலம் ஊர்ச்சபையின் கையில் இருக்கிறது. சபையில் உட்காருகிறவர்கள் பட்டம் கட்டிய தலைவர்கள். அவர்கள் தலையை ஆட்டினால் எங்களுக்குப் பிழைப்பு. ஆட்டாவிட்டால் நான் மறுபடியும் ஆக்லாந்துக்கு விமானம் ஏறி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாரோ படுத்து எழுந்த விரிப்பை அலசிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே கழித்த வருடங்கள் போதும். நான் திரும்பி வந்தபோது என் மகள் என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

இவ்வளவும் டெரக்குக்குத் தெரியாது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவன் பெட்டியைத் திறந்து, அவன் நாட்டு வறுவல் பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான். கைக்குழந்தை அளவுக்கு உப்பியிருந்தது. பிரித்தேன். அடியில் ஒரு கைப்பிடி வறுவல் கிடந்தது.

"என்ன டெரக், பாதியை வர்ற வழியிலேயே தின்னுட்டியா?"

"இல்ல லோசா. அது அப்படித்தான் வரும். மிச்சம் காத்து."

"காத்தையா விக்கிறீங்க?"

"வறுவல் உடையாம இருக்கணும்ல. அதுவும் போக, பை பெருசா இருந்தாத்தான் வாங்குறவனுக்குச் சந்தோஷம். உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்குறா?"

எங்கள் ஊரில் விருந்தாளி வீட்டுக்கு அரைக்கூடை கிழங்கு அனுப்பினால், அனுப்பியவளின் பேத்தி கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இவர்கள் கடை கடையாகக் காற்றை அடுக்கி வைத்துக் காசு வாங்குகிறார்கள். வெட்கம் கெட்ட ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வறுவல் உப்பாக, நன்றாகத்தான் இருந்தது.

ஊர் வருவதற்குள் அவனுக்குப் பாடம் எடுத்தேன். சபையில் காலை நீட்டாதே. தூணில் சாயாதே. நின்றுகொண்டு தின்னாதே. எல்லாவற்றையும் கைப்பேசியில் தட்டி வைத்துக்கொண்டான். கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகப் போய் மாலூவாவின் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் சபையைப் பார்த்து நீட்டினான்.

எங்கள் சபைக்கூடத்துக்குச் சுவர் கிடையாது. தூண்கள்தான். எந்தத் தூண் யாருடைய முதுகுக்கு என்பது அவரவர் பாட்டன் காலத்திலேயே முடிவானது. மாலூவா என்பது ஊரின் தலைமைப் பட்டம். இப்போது அதைச் சுமக்கிறவர் தும்மினால்கூடப் பக்கத்தில் இருப்பவர் அதற்கு ஓர் அர்த்தம் சொல்வார். நான் ஓடிப்போய் டெரக்கை நகர்த்தி, காலின் மேல் ஒரு பாயைத் தூக்கிப் போட்டேன்.

மாலூவா வந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை. டெரக் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்து ஆட்டினான்.

"என்னப்பா மாலூவா, சௌக்கியமா?"

சபை என்னைப் பார்த்தது. மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

"கடல் தாண்டி வந்தவன், இந்த ஊரின் நிழலில் நிற்கக் கொடுத்துவைத்தேன் என்று தாழ்ந்து சொல்கிறார் ஐயா," என்றேன். மாலூவா லேசாகத் தலையசைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு விருந்தாளிக்கு மரியாதையாகப் பன்றி வந்தது. சுட்ட கல்லடுப்பிலிருந்து எடுத்த முழுப் பன்றி. நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். சபைப் பேச்சாளர் தோலூபே ஈவிரட்டும் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பேச ஆரம்பித்தால் ஈ அலுத்துப்போய்த் தானாகவே எழுந்து போய்விடும். மெலிந்த பன்றி, ஏழை ஊர், மன்னிக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசிவிட்டு முடித்தார்: "இது இனி உங்க பொருள். உங்க இஷ்டம்போலச் செஞ்சுக்கோங்க."

நான் டெரக்கிடம் சொன்னேன்: "இது உன் பன்னிங்கிறாங்க. அது ஒரு பேச்சுக்கு. பையங்க முறைப்படி வெட்டுவாங்க. நீ 'எல்லாரும் எடுத்துக்குங்க'ன்னு சொன்னாப் போதும், கை வைக்காதே."

அவன் பன்றியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் ஏறியது முதல் வாக்கியம் மட்டும்.

முறை என்றால் இதுதான்: முதுகுக் கறி மாலூவாவுக்கு. தொடை பேச்சாளர்களுக்கு. தலை இளவட்டங்களுக்கு. பெண்கள் பக்கம் வருவது இடுப்பெலும்பு. அதில் கறியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவருடைய துண்டைப் பார்த்தே அவர் யார் என்று சொல்லிவிடலாம். இதில் துண்டு மாறிப்போய்ப் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் ஊரில் உண்டு.

அந்த நேரம் பார்த்து டெரக்கின் குட்டி யந்திரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் எட்டவில்லை என்று கூப்பிட்டார்கள். பாதிரியார் வீட்டில் நீள வயர் இருந்தது, கேட்கப் போனேன். பாதிரியாரின் மனைவி வயரைச் சும்மா கொடுப்பாளா? அவளுடைய மூட்டுவலி முழுவதையும் கேட்ட பிறகுதான் கொடுத்தாள். நான் ஆள் மூலம் வயரை முன்னால் அனுப்பிவிட்டு, மிச்ச வலியையும் கேட்டு முடித்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் கூடத்தில் சத்தமே இல்லை. சபையில் சண்டை நடந்தால் பயமில்லை. அமைதியாக இருந்தால்தான் ஆபத்து.

பன்றியைக் காணோம். ஒவ்வொருவர் முன்னாலும் பாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. எல்லாம் ஒரே அளவு. காற்றை உறிஞ்சி எடுத்து, கறியோடு ஒட்டிப்போய், பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு: அரைக் கிலோ. நடுவில் டெரக், கை முழுக்க நெய், முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்க அப்பா கறிக்கடை வெச்சிருந்தார் லோசா! பையங்களை ஒதுங்கச் சொல்லிட்டு நானே வெட்டினேன். கிராம் பிசகலை. தலைவர்லேர்ந்து கடைசி ஆள் வரைக்கும் எல்லாருக்கும் சமம்!"

மாலூவாவின் பையில் பன்றியின் தாடை இருந்தது. பிளாஸ்டிக் வழியாகப் பல் வரிசை அவரைப் பார்த்துச் சிரித்தது. தோலூபேயின் பையில் வால். விருந்தாளியின் கையைத் தடுக்கக் கூடாது என்பதும் முறைதான். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார்கள்.

"முதுகுக் கறி எங்கே?" என்று தோலூபே சாமரத்தின் நுனியைப் பார்த்துக் கேட்டார்.

கூடத்தின் வெளி ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சினாலேயின் வாய் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் சங்கத்தில் மற்றவர்கள் நினைப்பதை இவள் சத்தமாகச் சொல்வாள். அவள் மடியில் கிழிந்த பை கிடந்தது.

"சினாலே, அதைத் திருப்பிக் கொடு," என்றார் தோலூபே.

"எதை? பாதி உள்ள போயாச்சு."

"அது யாருக்குரியதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. பொறந்ததுலேர்ந்து அதைப் பத்தி உங்க வாயால கேட்டுக்கிட்டேதானே இருக்கேன். தேவாமிர்தமோ என்னமோன்னு நெனச்சேன்." நிதானமாக மென்று விழுங்கினாள். "இதுக்கா இத்தனை பேச்சுப் பேசினீங்க? உப்பே இல்ல."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சினாலே மென்றுகொண்டிருந்தது எங்கள் கொட்டகையை.

மாலூவா தன் பையை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். "லோசா."

"சொல்லுங்க ஐயா."

"இந்த யந்திரத்துக்கு ஆள் தெரியல. ஆள் தெரியாத சாமான் நம்ம ஊருக்கு வேண்டாம்."

சுற்றிலும் தலைகள் ஆடின. அவ்வளவுதான், முடிந்தது. என் மகளின் கேள்வி காதில் கேட்டது.

ஆனால் எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளி பதில் பேசாமல் கூட்டம் கலையாது; அவன் திட்டவே செய்தாலும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். "விருந்தாளி பதில் சொல்ல ஆயத்தம் செய்யணும், கொஞ்சம் பொறுத்துக்கணும்," என்று சொல்லிவிட்டு, டெரக்கின் சட்டையைப் பிடித்துச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன ஆச்சு? எல்லாருக்கும் சமமாத்தானே கொடுத்தேன்!"

"அதான்டா நீ பண்ணின தப்பு."

"எங்க நாட்டுல அதுதான் நியாயம், லோசா."

"ஓகோ. உங்க ஆபீசுல உன் முதலாளி கார் நிறுத்துற இடமும் நீ நிறுத்துற இடமும் ஒண்ணா?"

அவன் யோசித்தான். "அவருக்குக் கூரை போட்ட இடம். நான் தெருவுல நிறுத்துவேன்."

"அப்ப உன் சமமெல்லாம் அடுத்த ஊர்ப் பன்னிக்கு மட்டும்தான்."

அவன் கண் கலங்கிவிட்டது. இந்த வியாபாரம் போனால் வேலை போய்விடும் என்றான். என் வேலையும் போகும், மகளும் போவாள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுவதற்கு ஒரு ஆள் போதும். அப்போதுதான் வண்டியில் என் மடியில் கிடந்த அந்த உப்பிய பை ஞாபகம் வந்தது.

"டெரக், பையில எத்தனை அளவு கொண்டுவந்திருக்கே?"

"எல்லா அளவும். உள்ளங்கைலேர்ந்து தலையணை வரைக்கும்."

"தலையணையை எடு. காத்து அடிக்கிற குழாயையும் எடு."

காட்டுவதற்கென்று வறுத்து வைத்திருந்த வாழைக்காய் ஒரு கூடை நிறைய இருந்தது. சினாலேயைக் கூப்பிட்டேன், நீ மென்று தின்ற கொட்டகையை நீயே கட்டிக்கொடு என்றேன். தேங்காய்ச் சிரட்டையால் அளந்து போட்டோம். எல்லாப் பைக்கும் அதே சிரட்டை, அதே அளவு. தலையணைப் பையில் ஒரு சிரட்டை போட்டு மீதிக்குக் காற்று. அடுத்த அளவுப் பையில் ஒரு சிரட்டை, கொஞ்சம் குறைவான காற்று. அப்படியே இறங்கிக்கொண்டே வந்து, பெண்களுக்கான கையகலப் பையில் அதே சிரட்டை வறுவல் கழுத்துவரை முட்டிக்கொண்டு நின்றது. அதில் காற்று நுழைய இடமே இல்லை. சினாலே பெரிய பையையும் சின்னப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் முந்தானை இல்லாத குறையாக ஓலை விசிறியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி லோசா! நீ உருப்படுவே."

"சிரிச்சுத் தொலைக்காதே. அங்க வந்து மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கோ."

டெரக்கைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். "நீ என்ன வேணா பேசு. குரல் மட்டும் நடுங்கக் கூடாது," என்று சொல்லிவைத்தேன்.

டெரக் சொன்னான்: "லோசா, எனக்கு வயித்தைக் கலக்குது."

நான் சபைக்குச் சொன்னேன்: "உயர்ந்த தூண்களில் சாய்ந்திருக்கும் பெரியோரே, என் மனம் கலங்குகிறது என்கிறார். முன்னால் நீங்கள் பார்த்தது மரியாதை அல்ல. யந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கிற வெள்ளோட்டம். வெள்ளோட்டத்தில் ஆள் தரம் பார்ப்பதில்லை."

டெரக் சொன்னான்: "கப்பல் எத்தனை மணிக்குப் போகும்? இவங்க என்னை அடிப்பாங்களா?"

"யந்திரத்துக்கு ஆள் தெரியாது, ஆனால் பைக்குத் தெரியும் என்கிறார். ஒரே பைதான் இருக்கிறது என்று இந்த ஊர் நினைத்துவிட்டதே என்று வருந்துகிறார்."

"இந்தத் தாடைக் கறி அவருக்கு வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா?"

இதை மொழிபெயர்க்காமல் விட்டேன். சைகை காட்டினேன். இரண்டு பையன்கள் தலையணைப் பையை ஆளுக்கொரு முனையில் பிடித்து, கல்யாணத்தில் சீர்ப் பாயைக் கொண்டுவருவது போல மெதுவாகக் கொண்டுவந்து மாலூவாவின் முன் வைத்தார்கள். வெயில் அதன் மேல் பட்டு மின்னியது. அடியில் வறுவல் கொஞ்சம் சலசலத்தது. பெரிய பேச்சாளர்களுக்கு அடுத்த அளவு, மற்றவர்களுக்கு அதற்கு அடுத்தது. வெளி ஓரத்தில் பெண்கள் தங்கள் குட்டிப் பைகளை வாங்கி, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டார்கள். சினாலே கொஞ்சம் அதிகமாகவே உம்மென்றிருந்தாள்.

மாலூவா பையைத் தூக்கினார். புருவம் ஏறியது. இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

"லேசா இருக்கே?"

கூடமே என்னைப் பார்த்தது. டெரக்கும் என்னைப் பார்த்தான்.

"ஆமாம் ஐயா," என்றேன். "கனமா இருக்கிறதைச் சுமை தூக்குறவனுக்குக் கொடுப்பாங்களாம் அவங்க ஊர்ல. பெரியவங்க கையில கனம் ஏத்துறது அவமரியாதைன்னு சொல்றார்."

நானே நம்பாத பேச்சு அது. ஆனால் தோலூபே தன்னுடைய பையைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் லேசாகத்தான் இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சரியான முறை. வெள்ளைக்காரங்களுக்குள்ளயும் தரம் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க," என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் பையை இவர் பையோடு ஒட்டிவைத்து அளந்து பார்த்து, இரண்டு விரல்கடை குறைந்ததும் வாயைக் கோணினார். அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றதும் எனக்கு மூச்சு சீரானது. பையை ஏற்றுக்கொண்டவர்கள்தான் அளவு பார்ப்பார்கள்.

மாலூவா கடைசியாகப் பேசினார். "கொட்டகை போட்டுக்குங்க. ஒரு நிபந்தனை. இந்த ஊர்ல இதைவிடப் பெரிய பை யாருக்கும் போகக் கூடாது."

டெரக்கிடம் சொன்னேன், வியாபாரம் முடிந்தது என்று. அவன் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான். தலைவர்கள் முன்னால் அதுவும் ஆகாது என்று ஒரு முறை முறைத்தேன். மறுநாள் கப்பலில் ஏற்றிவிட்டபோது, "லோசா, இதை வெச்சு எங்க கம்பெனியில ஒரு பாடமே எடுக்கலாம்," என்றான். எடுக்கட்டும். சிரட்டையை மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

கொட்டகை எழும்பியது. பெரிய யந்திரம் வந்தது. ஆக்லாந்துக்குப் போன சரக்கு மொறுமொறுவென்று போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் இன்னும் அனுப்பு என்கிறார். என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பைக்குச் சீட்டு ஒட்டுகிறாள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. எப்போது வீட்டுக்கு வருவாய், பசிக்கிறது என்று கத்துகிறாள். அந்தக் கத்தல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு சரக்கும் கிளம்பும் முன் ஊரில் வீட்டுக்கொரு பை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வாங்கிப் போவார்கள். மாலூவா தன் தலையணைப் பையை வண்டியின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு, ஊரை ஒரு முறை சுற்றித்தான் வீட்டுக்குப் போவார். பட்டம் உள்ள வீடுகளில் யாரும் பையைப் பிரிப்பதில்லை. பிரித்தால் சுருங்கிவிடுமே! உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே வறுவல் எண்ணெய் நாற்றம் அடித்துக் கிடக்கும். நாங்கள் பெண்கள் குட்டிப் பையைப் பல்லால் கிழித்து, வீடு போய்ச் சேர்வதற்குள் தின்று முடித்துவிடுகிறோம்.

போன வாரம் மாலூவா ஆள் அனுப்பினார். தனியாக வரச் சொன்னார். போனேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவர் தூணில் சாய்ந்திருந்தார். முன்னால் தலையணைப் பை பிரிந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாழையிலை. அதன் மேல் அந்த ஒரு சிரட்டை வறுவல்.

கொட்டகை, யந்திரம், மகள், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் சரிந்தது. மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன்.

"பேரன் பிரிச்சுட்டான்," என்றார். இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லோசா, தோலூபே வீட்டுப் பை இப்பல்லாம் என்னுது அளவுக்கு வந்துடுச்சு. கவனிச்சியா?"

"இல்லீங்க ஐயா..."

"நான் கவனிச்சேன். அடுத்த தடவை என் பையில இன்னும் கொஞ்சம் காத்து அடி."

அடித்தேன்.